நான் எண்ணாமல் விட்ட சைக்கிள்கள்

2007-ஆம் வருடம், ஏப்ரல் மாதம் என்று நினைவு. துபாயில் மெட்ரோ ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த தேராவில் நேற்றுப் போன வழியில் இன்று போக முடியாது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் வீட்டு முன்னால் இருக்கும் சாலை வேறு பக்கம் திரும்பியிருக்கும். எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளூர ஒரு பெருமை. அந்த வேலையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்தது.

நான் போக்குவரத்து இன்ஜினியர். சொந்த ஊர் திருச்சி. அப்போது ஓர் ஆலோசனைக் கம்பெனியில் இருந்தேன். பழைய கடைத்தெரு பக்கம் வரப்போகும் ஒரு ஸ்டேஷனுக்கு மக்கள் எப்படி வந்து போவார்கள் என்று ஆராய்ந்து சொல்வது எங்கள் வேலை. அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் நகைக்கடைகள், இன்னொரு பக்கம் மசாலாக் கடைகள், நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும் சந்துகள், அந்தப் பக்கம் போனால் படகுகள் ஓடும் க்ரீக் என்ற கடற்கழி. இதற்குள் ரயிலை இறக்கினால் மட்டும் போதுமா? கரையோரமாக டிராம் விடலாமா, சின்ன பஸ் விடலாமா, நடைபாதையும் சைக்கிள் பாதையும் போடலாமா? எங்கள் ஆபீஸில் இதைப் பற்றிச் சண்டை போடாத நாளே இல்லை.

சைக்கிள் கட்சிக்கு ஒரே ஒரு ஆள். ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த நிபுணர். நெடிய மனிதர், வெயிலில் மூக்குத் தோல் எப்போதும் உரிந்திருக்கும். அவர் ஊரில் மந்திரிகூட சைக்கிளில்தான் ஆபீஸ் போவாராம். அவர் போன பிறகு நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

எனக்குக் கொடுத்திருந்த பொறுப்பு எண்ணிக்கை. எந்தச் சாலையில் எத்தனை கார், எத்தனை டாக்ஸி, எத்தனை பஸ், எத்தனை சைக்கிள் என்று எண்ணி எடுப்பது. மடக்கு நாற்காலி போட்டு மூலைக்கு ஒருவராக ஆட்களை உட்கார வைப்போம். கையில் ஒரு சின்னக் கருவி, ஒரு வண்டி போனால் ஒரு அமுக்கு. காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து ஏழு. நெரிசல் நேரம் என்றால் அதுதான் என்று கல்லூரியில் படித்திருந்தேன். சென்னையில் அப்படித்தான் எண்ணினேன். இங்கேயும் அப்படியே எண்ணச் சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த அரசுத் துறையினரின் முன்னிலையில் பெரிய கூட்டம் நடந்தது. நிபுணர் எழுந்து சைக்கிள் பாதை வேண்டும், ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் நான், "ஜூலை மாசம் ஒருநாள் மத்தியானம் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றேன். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் பட்டியலைத் திரையில் போட்டேன். சைக்கிள் என்ற பத்தியில் ஏதோ பேருக்குச் சில எண்கள். "சைக்கிள் போக்குவரத்து பொருட்படுத்தும் அளவில் இல்லை" என்று கீழே ஒரே ஒரு வரி. எண்ணைக் காட்டிய பிறகு யார் என்ன பேச முடியும்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனிதரை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வரியை வைத்து ஒரு முடிவு எடுத்தார்கள். அகலமான சாலையின் நடுவில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், ஆட்கள் குறுக்கே கடக்க ஓர் இடைவெளி இருந்தது. கட்டுமான லாரிகள் போகும் சாலையில் அது ஆபத்து, அதை அடைத்து இடுப்பு உயரத்துக்கு நீளமாகக் கம்பித் தடுப்பு போட்டுவிடலாம் என்றார்கள். நடப்பவர்களுக்குக் கொஞ்ச தூரத்தில் படியேறும் பாலம் இருந்தது. சைக்கிள்காரர்கள் ரவுண்டானா வரை போய்ச் சுற்றி வர வேண்டும். ஆனால் சைக்கிளே இல்லையே! மூன்று வாரத்தில் தடுப்பு வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குத் துணி தேய்த்துக் கொண்டுவரும் லாண்டரிக்காரர் ஒருவர் இருந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு கம்பி நீட்டிக் கட்டி, அதில் ஹேங்கரோடு சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு வருவார். திருச்சிப் பக்கத்து ஆள் என்பதால் என் மனைவி அவரை 'அண்ணே' என்பாள். அவரும் வாய் நிறைய 'அக்கா' என்பார். யார் யாருக்கு மூத்தவர் என்று இரண்டு பேருமே கணக்குப் பார்த்ததில்லை. ஊரில் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டுத்தான் துணியையே எடுப்பார்கள்.

மே மாதத்தில் ஒரு வாரம் அவர் வரவில்லை. வேறொருவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

"அண்ணனுக்கு ஆக்சிடென்ட் ஆயிருச்சுக்கா. பள்ளிவாசல் கிட்ட புதுசா கம்பி போட்டிருக்காங்கல்ல, அதைத் தாண்டுறப்ப பிக்கப் வண்டி இடிச்சிருச்சு. காலு ஒடிஞ்சு போச்சு."

மனைவி உள்ளே வந்து என்னிடம் சொன்னபோது நான் அன்றைய செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளிவாசல் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணக்கை வைத்துத்தான் அந்தத் தடுப்பைப் போட்டார்கள் என்று அன்றிரவு அவளிடம் சொன்னேன்.

அடுத்த நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். தேய்த்து எடுத்துப் போன ஹோட்டல் சட்டையெல்லாம் ரத்தமாகிவிட்டதே, முதலாளி என்ன சொல்வாரோ என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்படி நடந்தது என்று கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால் என்றார். அந்த நேரத்தில் சாலையில் என்ன வேலை என்று கேட்டுவிட்டேன். அவருக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"அப்பத்தானே சார் எல்லாரும் போவோம்! மீன் மார்க்கெட்டு, ரொட்டிக் கடை, கிளீனிங்கு, கஃபட்டேரியா... அஞ்சு மணி டூட்டி. ஹோட்டல்காரவங்க யூனிஃபார்ம் ஆறு மணிக்குள்ள போயாகணும். அப்பறம் ஒரு மணிக்குக் கடை அடைப்பாங்க, ரூமுக்குப் போய்ச் சாப்ட்டுப் படுத்துட்டு நாலு மணிக்குத் திரும்பிப் போவோம். பிரேக் டூட்டி சார். ரூம் அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம். ரவுண்டானா சுத்திப் போனா லாரிக்கு நடுவுல போவணும். அதுக்கு இது தேவலைன்னு சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டிடுறது."

விடியற்காலை ஐந்துக்கு முன்னால், மத்தியானம் ஒரு மணி, நாலு மணி. அவர் சொன்ன நேரம் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. நான் எண்ணச் சொன்ன நேரத்தில் அவர்களெல்லாம் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். காலையில் எட்டு மணிக்குக் காரை எடுக்கிறவனுக்கு ஊரே எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறது என்ற நினைப்பு. துபாய் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகள் அடைப்பதும் நாலு மணிக்குத் திறப்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். அரிசி வாங்கப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவன்தான். கடையைப் பூட்டியவர்கள் எங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"தப்பு என் மேலதான் சார்" என்றார் அவர். "அவசரத்துல பாக்காம இறங்கிட்டேன். பெரிய இன்ஜினியருங்க எல்லாத்தையும் கணக்குப் பாத்துத்தானே வெச்சிருப்பாங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தக் கணக்கைப் பார்த்தவன் நான்தான் என்று சொல்லாமல், வாங்கிப் போன பழத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலை நாலேகாலுக்கு எழுந்து அந்த இடத்துக்குப் போனேன். கையில் எண்ணும் கருவியையும் எடுத்துக்கொண்டேன். முதலில் ஒன்றிரண்டு பேர். தொழுகை முடிந்ததும் சந்துகளிலிருந்து வரத் தொடங்கினார்கள் பாருங்கள்! பெட்டி பெட்டியாக ரொட்டி கட்டிய சைக்கிள், பின்னால் துடைப்பமும் வாளியும் தொங்கும் சைக்கிள், இரண்டு பேர் ஏறிய சைக்கிள். தமிழ், மலையாளம், உருது, வங்காளம் எல்லாம் கேட்டது. தடுப்புக்கு வந்ததும் இறங்குகிறார்கள். ஒருவர் இந்தப் பக்கம் தூக்குகிறார், முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பக்கம் நின்று வாங்குகிறார். அப்புறம் இவர் ஏறிக் குதிக்கிறார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை, தடுப்பு வந்த இந்தக் கொஞ்ச நாளில் அது பழகிப் போயிருந்தது. லாரி வெளிச்சம் தெரிந்தால் மட்டும் ஒரு சத்தம், எல்லோரும் அப்படியே நிற்பார்கள்.

நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் என் ஆட்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணியதை அது தாண்டிவிட்டது. அப்போது ஒரு தாடிக்காரர் என்னைப் பார்த்து, "பாய், ஜரா பகடோ" என்றார். பிடியுங்கள் என்கிறார். கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவர் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினேன். கேஸ் சிலிண்டர் கட்டியிருந்தது. அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை, முட்டியில் கம்பி இடித்துவிட்டது. அடுத்தவர் வந்தார், அவருக்கும் தூக்கினேன். அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போனது. வெயில் வரும்வரை தூக்கிக் கொடுத்துக்கொண்டே நின்றேன். என் சட்டையெல்லாம் சங்கிலி எண்ணெய். காரில் வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

எங்கள் மேனேஜரிடம் அன்றே சொன்னேன். கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். அடுத்த அறிக்கையில் 'கூடுதல் தகவல்' என்று சேர்த்துவிடலாம், தப்பு என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் வரக்கூடாது என்றார். அடுத்த அறிக்கை எப்போது? ஆறு மாதம் கழித்து. அதுவரை தடுப்பு அப்படியே இருக்கும். உடனே எடுக்க வேண்டுமென்றால் என் எண்ணிக்கை தப்பு என்று வேலை கொடுத்தவர்கள் முன்னால் சொல்லியாக வேண்டும். சொன்னால் கம்பெனியின் பெயர் போகும். "யோசித்துப் பேசு, உனக்கும் விசா கம்பெனி கையில்தான் இருக்கிறது. கலாஸ், அவ்வளவுதான்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

வேலை போனால் ஒரு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். மகள் ஏழாம் வகுப்பு, பள்ளி அப்போதுதான் தொடங்கியிருந்தது. மூன்று நாளில் அடுத்த கூட்டம். கூட்டத்தன்று காலை தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் சொன்னதெல்லாம் தெரிந்திருந்த மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஆறு மாசம் அந்த ஜனங்க தினம் சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டிட்டு இருக்கணுமா? இன்னொருத்தர் விழுந்தா அப்பவும் பழம் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோமா? ஊருக்குப் போகணும்னா போவோம். சாமான் கட்டறது எனக்குப் புதுசா என்ன?"

அவளுக்கும் பயம்தான். சொல்லிவிட்டு, அணைத்த அடுப்பையே மறுபடி போய் அணைத்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கூட்டத்தில் டிராமைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் எந்தச் சந்தில் திரும்பும், எந்தக் கடை முன்னால் நிற்கும் என்று. நான் எழுந்து நின்றேன். "போன கூட்டத்தில் நான் காட்டிய சைக்கிள் கணக்கு தப்பு. நான் தப்பான நேரத்தில் எண்ண வைத்தேன். அதனால் ஒருவருக்குக் கால் ஒடிந்திருக்கிறது" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், அதுவும் திக்கித் திக்கி. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். ஐரோப்பிய நிபுணர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சிரிக்கவில்லை.

வேலை கொடுத்தவர்கள் தரப்பில் ஓர் உள்ளூர்ப் பெண் இன்ஜினியர் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், கூட்டங்களில் அதிகம் பேசாதவர். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்த நேரம்?" சொன்னேன். குறித்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை நான் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்து தடுப்பருகே கறுப்பு அபாயா அங்கியில் நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரம் பார்த்தார். சைக்கிளைத் தூக்கப் போன ஒருவரிடம், "ரோஜ்?" என்று கேட்டார். தினமுமா என்று. "ரோஜ், மேடம். சார் பார்" என்றார் அவர். தினமும் நாலு தடவை. அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் தடுப்பைத் திறந்து சிக்னல் வைத்தார்கள். ஸ்டேஷன் வரைபடத்தில் சைக்கிள் நிறுத்தும் இடமும் சேர்ந்தது. டிராம் பேச்சு நான் இருந்தவரை பேச்சாகவே இருந்தது. என் வேலை போகவில்லை. அந்தத் திட்டத்திலிருந்து எடுத்து அல் ஐனுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலைவனம் தாண்டி உள்ளே இருக்கும் ஊர், முழுக்க ரவுண்டானா. ஒரு வருடம் வாரக் கடைசிக்குத்தான் வீடு. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அது குறைந்த தண்டனை.

லாண்டரிக்காரருக்குக் கால் பழையபடி வரவில்லை. சைக்கிள் மிதிக்க முடியாதவருக்கு அங்கே வேலை இல்லை, ஊருக்கு அனுப்ப ஏற்பாடு ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்குளில் ஊன்றும் கட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"கம்பியை எடுத்துட்டாங்க சார், பாத்தீங்களா? சிக்னல் வேற போட்டிருக்காங்க. நம்ம பசங்க இப்ப ராஜா மாதிரி போறானுங்க."

இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தடுப்பு என் கணக்கால் வந்தது, சைக்கிளே இல்லை என்று நான்தான் எழுதினேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார், அழுவார், எதற்கும் தயாராக இருந்தேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நான் என்ன நெனச்சேன்னா சார்... எங்களையும் எண்ணிப் பாத்துட்டுத்தான், பெரிய வேலை நடக்குது, இவங்க கொஞ்ச நாளு சிரமப்படட்டும்னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன். அது நியாயம்தானே? நாங்க எண்ணிக்கையிலயே இல்லையா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் சிரமப்பட்டு எழுந்து, கட்டையை ஊன்றிக்கொண்டு, "பரவால்ல சார், விடுங்க" என்றார். மனைவியிடம் மட்டும் போய்ட்டு வரேன் என்று சொன்னார். கால் ஒடிந்து படுத்திருந்தபோதுகூட நான் பார்க்காத ஒரு வாட்டம் அப்போது அவர் முகத்தில் இருந்தது. லிஃப்ட் வரை கூடப் போனேன். கதவு மூடும்வரை அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எந்த ஊரில் வேலை எடுத்தாலும் இருபத்துநாலு மணி நேரமும் எண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். செலவு அதிகம் என்று முணுமுணுப்பவர்களிடம் காரணம் சொன்னதில்லை. கால் ஊனமானதைப் பொறுத்துக்கொண்ட அந்த மனிதர், தன்னை யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் என் வீட்டிலிருந்து போனார், அந்தக் குறையைத் தீர்க்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.